அத்தியாயம் 6: பல்லைப் பார்த்துச் சுறாவைச் சொல்வது

ஐயம்பேட்டையில் சுறாப்பல் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிணறு தோண்டும்போது வந்த கூரான கல்லையெல்லாம் டவுசர் பையில் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு வீண் ஆசை காட்டக் கூடாது. காஞ்சிபுரம்–வாலாஜாபாத் சாலையில் தறிச் சத்தத்தோடு விடிகிற இந்த ஊருக்கு அடியில் இருப்பது பாலாறு கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும். இந்த வட்டாரத்தின் அடித்தளம் சார்னோக்கைட் போன்ற பழம்பாறை, பல்லாவரம் குன்றுகளில் வெட்டி எடுத்தார்களே அதே வகை. அது உருவானபோது உலகில் மீன் என்ற ஒன்றே இல்லை. வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் இலைகளின் பதிவுகள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தப் படிவுகளைப் பற்றி எழுதினார், ஃபைஸ்ட்மாண்டல் அவற்றின் செடிகளை ஆராய்ந்தார். அதைப் பற்றி வேறு அத்தியாயத்தில் பார்க்கலாம். சுறா வேண்டுமென்றால் தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துக்கு.

நம் ஊர்க்காரர்கள் பலர் அந்தப் பக்கம் ஏற்கெனவே போயிருப்பார்கள். பாடலூருக்கு அருகில் ஊட்டத்தூரில் சுத்தரத்தினேசுவரர் கோயில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைத்தான் நிலவியலாளர்கள் ஒரு பெரிய பாறை வரிசைக்கு வைத்திருக்கிறார்கள்: ஊட்டத்தூர்த் தொகுதி. தரிசனம் முடித்துச் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கும் நேரத்தில், காலடியில் 10 கோடி ஆண்டுப் பழைய கடல் தரை கிடப்பது பெரும்பாலோருக்குத் தெரியாது.

எஞ்சுவது எது

சுறாவின் உடம்பில் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். செத்தால் சில மாதங்களில் கரைந்துபோகும். முதுகெலும்பு வட்டுகளில் சுண்ணம் ஏறியிருந்தால் அவை சில சமயம் கல்லாகும். தோலைப் போர்த்தியிருக்கும் நுண்செதில்கள் சல்லடையில் சிக்கும். மற்றபடி நமக்குக் கிடைப்பது பல் மட்டுமே. ஆனால் அது குறைவில்லாமல் கிடைக்கும். சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துப் புதுப்பற்களை முளைக்கவைக்கிறது. ஒரே விலங்கின் பல் பத்து இடத்தில் கிடக்கலாம். ஆகவே பத்துப் பல் கிடைத்தால் பத்துச் சுறா என்று கணக்குப் போடாதீர்கள்.

கல்லான சுறாப்பல்லை ஐரோப்பாவில் நெடுங்காலம் பாம்பின் நாக்கு என்றே நம்பியிருந்தார்கள். 1666 அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ கடற்கரையில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை, ஃபிளாரன்சில் இருந்த நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற உடற்கூற்று வல்லுநரின் மேசைக்கு வந்தது. அதை அறுத்துப் பார்த்தவர், மலையில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' எல்லாம் சுறாப்பற்களே என்று 1667இல் எழுதினார். இன்றைக்கும் வழி அதுதான். உயிரோடு இருக்கும் சுறாவின் வாய் தெரியாதவருக்குச் செத்த சுறாவின் பல் தெரியாது.

மீன் சந்தையில் முதல் பாடம்

எனவே காரைக்குப் பேருந்து ஏறும் முன் மீன் சந்தைக்குப் போங்கள். காசிமேட்டுக்கே போக வேண்டும் என்றில்லை. பால்சுறா வருகிற எந்தக் கடையிலும் தலையை மட்டும் கேட்டு வாங்கலாம். புட்டுக்கு உடம்பை எடுத்துக்கொண்டு தலையை ஒதுக்கிவிடுவது கடைக்காரர்களின் வழக்கம். தாடையை வெட்டி எடுத்து, வெந்நீரில் சற்று நேரம் போட்டு, சதையைச் சுரண்டி, நிழலில் காயவிடுங்கள். கொதிக்கவைத்தால் குருத்தெலும்பு கரைந்து பற்களெல்லாம் உதிர்ந்துவிடும். வீட்டில் நாற்றம் பொறுக்காது, மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

காய்ந்த தாடையில் முதலில் கண்ணில் படுவது, வரிசைக்குப் பின்னால் வரிசையாக உள்பக்கம் மடங்கிக் காத்திருக்கும் பற்கள். அடுத்ததாகத் தெரிவதுதான் இந்த அத்தியாயத்துக்கு உயிர்: ஒரே வாயில் எல்லாப் பல்லும் ஒன்றுபோல் இல்லை. முன்பல் நிமிர்ந்து நிற்கும். பக்கப்பல் வாயோரம் நோக்கிச் சாயும். கடைசியில் உள்ளவை குட்டையாகப் படுத்திருக்கும். மேல்தாடைப் பல்லும் கீழ்த்தாடைப் பல்லும் பல இனங்களில் வெவ்வேறு வடிவம், மேலே அகலம், கீழே ஒல்லி. குட்டிக்கும் வளர்ந்ததற்கும் வேறுபாடு உண்டு, சில இனங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும்கூட. இத்தனையையும் தனித்தனியாகக் கல்லில் கண்டெடுத்த பழைய ஆய்வாளர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் சுறாப் பட்டியல்கள் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

திருப்பிப் பாருங்கள்

காஞ்சிப் பட்டு வாங்கத் தெரிந்தவர்கள் புடவையின் முன்பக்க மினுக்கைப் பார்த்து முடிவுசெய்ய மாட்டார்கள். திருப்பிப் பின்பக்கம் பார்த்து, உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பார்கள். சுறாப்பல்லையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். படத்தில் அழகாகத் தெரிவது ஒரு பக்கம், பெயரைத் தீர்மானிக்கும் விவரம் பெரும்பாலும் மறுபக்கத்தில் இருக்கும்.

உதட்டைப் பார்த்த பக்கம் தட்டையாக இருக்கும், நாக்கைப் பார்த்த பக்கம் உப்பலாக இருக்கும். நாக்குப்புறத்தை உங்களை நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக இருக்கும் மேல்பகுதி பல்தலை. மங்கலாக, நுண்துளைகளோடு இருப்பது வேர். இரண்டுக்கும் இடையில் மெல்லிய பட்டை தெரிந்தால் அது கழுத்து. வேர் இரண்டு கிளையாகப் பிரிகிறதா, அவற்றின் இடைவெளி அகலமா குறுகலா, நடுவில் பள்ளமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறதா அல்லது வெறும் துளை மட்டுமா, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கால் அல்லது துளைதான் இரத்த நாளம் வேருக்குள் புகுந்த வழி. சுறாக் குடும்பங்களைப் பிரிப்பதில் இதற்குப் பெரிய இடம் உண்டு.

பிறகு பல்தலையைப் பாருங்கள். விளிம்பு வழவழப்பா, ரம்பம் போலா? ரம்பமென்றால் பற்கள் சீரான அளவா, நுனி நோக்கிச் சிறுக்கின்றனவா? நடுக்கூரின் இரு பக்கமும் சிறு கூர்கள் முளைத்திருக்கின்றனவா? இவற்றைப் பக்கக்கூர் என்போம். அவை நடுக்கூரோடு ஒட்டியிருக்கின்றனவா, தனித்து நிற்கின்றனவா? பல்தலையின் மேல் நெடுக்கு வரிகள் உண்டா? இதற்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு மடக்கு லென்ஸ் போதும். அளவுக்கு வெர்னியர் காலிப்பர். உயரம், அகலம், தடிப்பு மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். 'பெரிய பல்' என்று எழுதாதீர்கள்.

பல் உடைந்திருந்தால் வருந்த வேண்டாம், உள்ளே பார்க்கலாம். வெள்ளைச்சுறா, மேக்கோ முதலியவை அடங்கும் லாம்னிஃபார்மிஸ் வரிசையில் பல்லின் உட்பகுதி பொதுவாக நிரம்பியிருக்கும். பால்சுறா, புலிச்சுறா அடங்கும் கார்கரைனிஃபார்மிஸ் வரிசையில் பொதுவாக நடுவில் குழி இருக்கும். இதற்காக முழுப் பல்லை உடைக்கிற ஆர்வக்கோளாறு மட்டும் வேண்டாம்.

காரையின் களிமண்

தமிழ்நாட்டுச் சுறாக்களின் கதை காரையில் தொடங்கவில்லை, பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் அங்கே சேகரித்த மீன் எச்சங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1845இல் எகெர்டன் அவற்றை விவரித்தார். பிறகு 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு பகுதிகளின், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். அதே பத்தாண்டுகளில் செக் நாட்டில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்தப் பாறைகளின் உயிரினங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். சங்கு, சிப்பி, சுருள் ஓட்டுக் கடலுயிரான அம்மோனைட் எல்லாம் அதில் வரும். சுறாவுக்கு அதில் கொஞ்சம்தான் இடம்.

பிளான்ஃபோர்டின் மூன்று பெயரும் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுக்கு தெரியாத பல்லுக்குப் பாதி மதிப்புத்தான். ஊட்டத்தூர்த் தொகுதி கீழே, அதாவது பழையது. அரியலூர்த் தொகுதி மேலே, 6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி வருகிறது. காரைப் படிவு ஊட்டத்தூர்த் தொகுதியில் ஒன்று. ஆழமான கடலடியில் படிந்த களி. மழை அறுத்து அறுத்து மேடும் பள்ளமுமாக, புல்லும் முளைக்காத செம்பழுப்பு நிலமாக அது கிடக்கிறது. வெயிலில் மின்னுவதெல்லாம் ஜிப்சம். காரையிலிருந்து கொளக்காநத்தம் வரை நீளும் இந்தப் பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

இங்கே கிடைத்த பற்களை வைத்து 2011இல் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃபிளின் ஆகியோர் எழுதிய கட்டுரைதான் இன்றைக்கு நமக்கு அடிப்படை. செனோமேனியன் என்ற காலக்கட்டத்தின் தொடக்கம், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல், அதில் பேசப்படுகிறது. இரண்டு புதிய இனங்களுக்கு அதில் பெயர் வைக்கப்பட்டது: கிளாடியோசெரேட்டஸ் மேக்னஸ், டுவார்டியஸ் சுடிண்டிகஸ்.

முதலாவது, ஆறு செவுள், ஏழு செவுள் கொண்ட இன்றைய ஆழ்கடல் சுறாக்களின் உறவு. கீழ்த்தாடைப் பல்லைப் பார்த்தவுடனே தெரியும்: ஒரே வேரின் மேல் பெரிய கூர் ஒன்று, அதன் பின்னால் சிறுத்துக்கொண்டே போகும் கூர்கள் ஒரே வரிசையில். இந்த வடிவம் வேறு எந்தக் குடும்பத்துக்கும் இவ்வளவு தெளிவாக இல்லை. தொடக்கக்காரர்கள் தைரியமாகக் குடும்பப் பெயர் சொல்லக்கூடிய பல் இது ஒன்றுதான் என்பேன். ஆனால் அதே விலங்கின் மேல்தாடைப் பல்லில் கூர்கள் குறைவு, ஒல்லியாகவும் இருக்கும். தனியாகக் கிடைத்தால் வேறு சுறா என்றே நினைக்கத் தோன்றும்.

இரண்டாவதான டுவார்டியஸ், லாம்னிஃபார்மிஸ் வரிசையின் கார்டபியோடான்டிடே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வேட்டைச்சுறா. இந்தக் குடும்பம் நமக்குப் புரியவந்ததே மேற்கு ஆஸ்திரேலியாவால்தான். அங்கே ஒரே விலங்கின் பற்களும் முதுகெலும்பு வட்டுகளும் சேர்ந்து கிடைத்ததை வைத்து 1999இல் மிக்கேல் சிவர்சன் கார்டபியோடான் என்ற பேரினத்தை விவரித்தார். டுவார்டியஸ் என்ற பேரினப் பெயரும் அவர் வைத்ததே. ஒரே வாயின் பற்கள் சேர்ந்து கிடைத்தால் எது முன்பல், எது பக்கப்பல் என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரு தொகுப்பு நூறு தனிப்பல்லுக்குச் சமம்.

டைகோடஸ்: 2024 வரை நீண்ட வழக்கு

காரைப் படிவில் கிடைக்கும் இன்னொரு பல்லைப் பார்த்து இது பல்லே இல்லை என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கூர் கிடையாது. சற்றே மேடிட்ட சதுரக் கட்டி, மேலே குறுக்காக இணை இணையாக வரப்புகள், ஓரத்தில் மணிமணியாகப் புள்ளிகள். இதுதான் டைகோடஸ். வெட்டுகிற பல் இல்லை, நொறுக்குகிற பல். ஸ்டோலிச்கா காலத்திலேயே தென்னிந்தியப் பாறைகளிலிருந்து இந்தப் பேரினம் குறிப்பிடப்பட்டது. 2012இல் வர்மா, பிரசாத், கோஸ்வாமி, பர்மார் ஆகியோர் காரைப் படிவின் பற்களை டைகோடஸ் டெகரென்ஸ் என்று இனம் வரை அடையாளம் கண்டு வெளியிட்டார்கள்.

இனம் வரை எப்படிப் போனார்கள்? இங்கே பார்க்க வேண்டியவை: வரப்புகள் எத்தனை, அவை பல்தலையின் நடுவோடு நின்றுவிடுகின்றனவா அல்லது ஓரம் வரை ஓடுகின்றனவா, பல்தலை உயர்ந்து குமிழாக நிற்கிறதா அல்லது தாழ்ந்திருக்கிறதா, ஓரப் புள்ளிகளின் அமைப்பு எப்படி. டெகரென்ஸ் இனத்தில் பல்தலை தாழ்வு, வரப்புகள் ஓரம் வரை நீண்டு போகும். மாமில்லாரிஸ் என்ற இனத்தில் நடுவில் குமிழ் எழும்பி நிற்கும், வரப்புகள் அந்தக் குமிழோடு முடிந்துவிடும். இதிலும் இடம் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையின் நடுவரிசைப் பற்கள் மிகப் பெரியவை, மேல்தாடையின் நடுவரிசையோ மிகச் சிறியது. ஓரம் போகப் போகப் பல் கோணலாகும்.

இனம் சொல்ல முடிந்ததே தவிர, இந்த விலங்கு என்ன என்பது நெடுநாள் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லூயி அகாசி பெயர் வைத்ததிலிருந்து ஒருவர் திருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார், இன்னொருவர் ஹைபோடான்ட் என்ற பழைய சுறாக் கூட்டத்தில் சேர்த்தார். கடலடியில் மெதுவாக ஊர்ந்து சிப்பி நொறுக்கித் தின்ற சோம்பேறி என்றே படம் வரைந்தார்கள். மெக்சிகோவின் வல்லெசில்லோ கல்குவாரிகளில் உடம்பின் வரைவோடு முழு உருவங்கள் கிடைத்தன. ரோமான் வுல்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2024இல் அவற்றை வெளியிட்டபோது வழக்கு தீர்ந்தது. பிறை வடிவ வால், நீரோட்டத்துக்கு ஏற்ற உடல், நடுக்கடலில் வேகமாக நீந்திய விலங்கு. வெள்ளைச்சுறா இருக்கும் லாம்னிஃபார்மிஸ் வரிசையே அதற்கும் வீடு. சிப்பியைவிட அம்மோனைட்டையும் கடலாமையையும் நொறுக்கித் தின்றிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. காரைக் களியில் டைகோடஸ் பல்லுக்குப் பக்கத்தில் அம்மோனைட் குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது பொருத்தமாகவே படும்.

நான் இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்லை வைத்து இனத்தைச் சரியாகப் பிரிக்க முடியும், அதே நேரத்தில் அந்த இனம் உயிர்மரத்தின் எந்தக் கிளையில் உட்காருகிறது என்பதில் முழுதாகத் தவறவும் முடியும். அடையாளம் காண்பதும் வகைப்படுத்துவதும் ஒரே வேலை இல்லை. நம்மைப் போன்றவர்களால் முன்னதை ஓரளவு செய்ய முடியும். பின்னதை விட்டுவிடலாம்.

பழைய பெயரைப் படிக்கும் முறை

நூலகத்திலோ இணையத்திலோ கிடைக்கும் பழைய நூல்களைத் திறந்தால், சுறாப் பெயர்கள் குழப்பும். விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டு விதிப்படி முதலில் வைத்த பெயரே செல்லும். கணக்கு 1758இல் வெளிவந்த லின்னேயஸ் நூலிலிருந்து தொடங்குகிறது. ஒரு விலங்குக்கு வைத்த பேரினப் பெயரை இன்னொரு விலங்குக்கு வைக்க முடியாது. அகாசி ஒரு சுறாவுக்குக் கொராக்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு பறவைக்குப் போயிருந்தது. ஆகவே 1939இல் விட்லி அதை ஸ்க்வாலிகோராக்ஸ் என்று மாற்றினார். பழைய நூலில் கொராக்ஸ் என்றிருந்தால் ஸ்க்வாலிகோராக்ஸ் என்று படித்துக்கொள்ளுங்கள். நோட்டிடானஸ் என்றிருந்தால் மேலே சொன்ன பலகூர்ப் பல் சுறாக்களில் ஏதோ ஒன்று. கிரெட்டேசியப் பாறையிலிருந்து லாம்னா, ஒடோடஸ், ஆக்சிரைனா என்று வந்தால் பெயரை நம்பாதீர்கள், படத்தை மட்டும் பாருங்கள்.

ஸ்க்வாலிகோராக்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் பல் சாய்ந்த முக்கோணம், ரம்ப விளிம்பு, பின்பக்கம் ஒரு வெட்டு. இன்றைய புலிச்சுறாவை அப்படியே நினைவுபடுத்தும். ஆனால் உறவு தூரம். வேரைத் திருப்பிப் பார்த்தால் நடுவாய்க்கால் இருக்காது, வேர் தட்டையாக இருக்கும். கிரெட்டேசியப் பாறையில் புலிச்சுறா கிடையாது, எனவே அடுக்கு தெரிந்திருந்தாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

கிரெட்டலாம்னா அப்பெண்டிகுலாட்டா என்ற பெயரும் உலகமெங்கும் பயன்பட்டுத் தேய்ந்த பெயர். நடுக்கூர் ஒன்று, இருபுறமும் அகலமான பக்கக்கூர், வழவழப்பான விளிம்பு, இவ்வளவு இருந்தால் போதும், எந்த நாட்டுப் பல்லையும் அந்தப் பெயரில் போட்டுவிடுவார்கள். 2015இல் சிவர்சனும் கூட்டாளிகளும் நல்ல தொகுப்புகளை எடுத்து ஒப்பிட்டு, அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டிப் புதிதாகப் பெயரிட்டார்கள். மெகலோடன் விஷயத்தில் இனப்பெயர் அப்படியே இருக்கிறது, பேரினம்தான் அலைந்தது. கார்கரோடான், கார்கரோகிளிஸ் என்றெல்லாம் இருந்தது, இப்போது பெரும்பாலோர் ஒடோடஸ் மெகலோடன் என்று எழுதுகிறார்கள். அந்த விலங்கு கிரெட்டேசியத்துக்கு வெகுகாலம் பின்னால் வந்த மயோசீன் காலத்தில் தோன்றியது. கிரெட்டேசியக் காரையில் மெகலோடன் கிடைத்ததாக யாராவது சொன்னால், பல்லைக் கேட்காதீர்கள், எங்கே வாங்கினார் என்று கேளுங்கள்.

எங்கே நிறுத்துவது

ஒரு பல் கையில் இருக்கிறது. இது சுறா என்று சொல்லலாம். வரிசை சொல்லலாம், குடும்பம் சொல்லலாம், பேரினம் சொல்லலாம், இனம் சொல்லலாம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு சான்று காட்ட வேண்டும். சான்று தீர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். ஆய்வாளர்களே அப்படித்தான் நிற்கிறார்கள். பேரினம் தெரிந்து இனம் தெரியாவிட்டால் பேரினப் பெயருக்குப் பின்னால் 'எஸ்பி.' என்று போடுவார்கள். ஓர் இனம்போல இருக்கிறது, உறுதியில்லை என்றால் நடுவில் 'சி.எஃப்.' போடுவார்கள். அதன் நெருங்கிய உறவு, ஆனால் அதுவே இல்லை என்று தோன்றினால் 'அஃப்.' போடுவார்கள். கட்டுரையில் இந்தச் சிறு எழுத்துகளைப் பார்த்தால் எழுதியவர் நேர்மையானவர் என்று வைத்துக்கொள்ளலாம். இனப்பெயர் சொல்லாவிட்டால் மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்களை நம்மூர்க் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு 'லாம்னிஃபார்மிஸ், பக்கப்பல், வேர் உடைந்தது' என்ற சீட்டுதான் அதிகம் பயன்படுகிறது.

பல் அல்லாதவை

காரையில் பல் என்று எடுத்து வருபவற்றில் பெரும்பங்கு பெலம்னைட். கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உள்ளோடு அது. உருண்டையாக, ஒருமுனை கூராக இருக்கும். உடைந்த முகத்தில் நடுவிலிருந்து ஆரமாகக் கதிர்கள் விரியும். பல்லில் அப்படி இருக்காது. ஜிப்சம் நகத்தால் கீறினாலே கீறும், பல்லில் நகம் ஏறாது. உருண்டைக் கூம்பாக, நெடுக்காகச் சுருக்கங்களோடு பல் கிடைத்தால் அது இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவாக இருக்கலாம். ஊட்டத்தூர்ப் பாறைகளின் இக்தியோசார் ஒன்றுக்கு லிடெக்கர் 1879இலேயே பெயர் வைத்துவிட்டார். அவசரப்பட்டுப் பத்திரிகைக்குச் சொல்லிவிடாதீர்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவுக் கட்டிகள் என்றார்கள்.

இணையத்தில் விலைக்கு வரும் பற்களில் மொராக்கோவின் குரிப்கா பாஸ்பேட் சுரங்கத்து ஒடோடஸ் பற்கள் அதிகம். ஒரு பல்லின் தலையும் இன்னொன்றின் வேரும் ஒட்டி, மணலும் பசையும் பூசி முழுசாக்கி விற்பது அங்கே சாதாரணம். கழுத்துப் பகுதியை லென்ஸில் பாருங்கள், ஒட்டிய கோடு தெரியும். பூசிய மணல் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும். உண்மையானதாகவே இருந்தாலும் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற விவரம் இல்லாத பல்லை வாங்கி நீங்கள் எதையும் அடையாளம் காண முடியாது.

எடுக்கும் முன், எடுத்த பின்

காரை நினைவுச்சின்னப் பகுதியில் தோண்டாதீர்கள், பொறுக்கிக்கொண்டும் போகாதீர்கள். புவிமரபுச் சின்னங்களைக் காப்பதற்கான சட்ட முன்வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022இல் வெளியிட்டது. அது எப்போது சட்டமாகும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சிமென்ட் ஆலைகளுடையவை, அனுமதி இல்லாமல் உள்ளே காலடி வைக்கக் கூடாது. மழைக்குப் பின் களி வழுக்கும். மார்ச் முதல் வெயில் தாங்காது. தை மாதம் நல்ல மாதம். கிளம்பும் முன் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் நிலவியல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், எந்தச் சாலை எந்த அடுக்கின் மேல் போகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

கண்ட இடத்திலேயே, எடுக்காமல், படம் பிடியுங்கள். பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வையுங்கள். நாணயம் வேண்டாம், ஒரு ரூபாயே பல அளவில் வந்திருக்கிறது. உதட்டுப்புறம் ஒன்று, நாக்குப்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கீழிருந்து வேர் ஒன்று, ஆக நான்கு படம். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழட்டும், ஆய்வுக் கட்டுரைப் படங்களோடு ஒப்பிட அதுவே வசதி. கைப்பேசியின் இருப்பிடக் குறிப்பையும், களியின் நிறத்தையும், பக்கத்தில் என்ன அம்மோனைட் கிடந்தது என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குழுவோடு அனுமதி பெற்றுப் போய்ச் சேகரிக்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஒவ்வொரு பல்லையும் தனிக் காகிதத்தில் சுற்றுங்கள். ஜரிகை வாங்கிய சிறு அட்டைப்பெட்டிகள் நம் ஊரில் எல்லா வீட்டிலும் கிடக்கும், உள்ளே பஞ்சு வைத்தால் அவற்றைவிட நல்ல பெட்டி கிடையாது. கழுவ மென்மையான பல்துலக்கியும் தண்ணீரும் போதும், வினிகரும் அமிலமும் கூடாது. உடைந்ததை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடாதீர்கள், பிறகு பிரிப்பது கடினம். அருங்காட்சியகங்களில் அசிட்டோனில் கரையும் பாராலாய்டு பயன்படுத்துகிறார்கள், தவறாக ஒட்டினாலும் கழற்றிவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பகுதியைப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ எங்கே கிடைத்தது என்று தெரிந்த சுறாப்பல் ஒன்று அலமாரியில் கிடந்தால், இடத்தின் பெயரையும் ஆண்டையும் இன்றைக்கே ஒரு சீட்டில் எழுதி அதனோடு வையுங்கள். அதைக் கண்டெடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.